கூட்டுப் பயிற்சியில் நான் கத்தியது

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று ஷார்ஜா தொழிற்பேட்டையில் நான்கு ஷெட், அறுபது ஆட்கள். பட்டான், மலையாளி, வங்காளி, நம்ம ஊர்க்காரன் எல்லாரும் உண்டு. ஒருவன் பேசுவது இன்னொருவனுக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் கிரேனில் பாரம் தொங்கும்போது எவன் முஷ்டியை உயர்த்தினாலும், டீ ஊற்றுகிறவனே உயர்த்தினாலும், எல்லாக் கையும் நின்றுவிடும். ஏன் என்று அப்புறம்தான் கேட்போம். இந்தப் பழக்கத்தை எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. நான் உண்டாக்கினேன்.

போன குளிர்காலத்தில் வளைகுடா நாடுகள் சில சேர்ந்து பாலைவனத்தில் கூட்டுப் படைப்பயிற்சி நடத்தின. கண்காணிப்புக் கோபுரங்கள் செய்து நிறுத்தும் வேலை ஒரு பெரிய கம்பெனி வழியாக எனக்கு வந்தது. எனக்கு வராமல் யாருக்கு வரும்?

முதல் கோபுரம் கிரேனில் தொங்குகிறது. கீழே, பாரம் கட்டி இறக்கும் என் ரிக்கர், தூத்துக்குடிப் பக்கத்து ஆள், அதன் காலைப் பிடித்து போல்ட் துளைக்கு நேராக இறக்குகிறான். அந்த நேரம் பார்த்து மூன்று நாட்டு அதிகாரிகள் வந்து நின்றார்கள். கோபுரம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று வாக்குவாதம். ஆபத்து கடல் வழியாகத்தான் வரும் என்றார் ஒருவர். தரை எல்லையை விட்டுவிட்டுக் கடலைப் பார்ப்பதா என்றார் அடுத்தவர். மூன்றாமவர் வானத்தைக் காட்டினார். வரைபடம் ஒன்று, கூடாரம் ஒன்று, பயம் மட்டும் ஆளுக்கொன்று! இதற்குப் பெயர் கூட்டாம். பேச்சோடு நிற்காமல் மூவரும் கிரேனுக்குக் கையைக் காட்ட ஆரம்பித்தார்கள்.

"பாய், ஏக் ஆத்மி போலோ!" ஒரே ஒருத்தர் சொல்லுங்கள் என்று கிரேன் ஓட்டும் பட்டான் மேலிருந்து கத்துகிறான்.

"அண்ணாச்சி, யாரு சொல்லுதத கேக்க? என் கை உள்ள இருக்கு!" என்று ரிக்கர் அலறினான்.

முஷ்டியை உயர்த்தி, போதும் நிறுத்து என்று அரபியில், "கலாஸ்!" என்று கத்தினேன். கிரேன் நின்றது. ரிக்கர் கையை உருவினான், கையுறை உள்ளேயே மாட்டிக்கொண்டது. அப்போதும் அதிகாரிகளில் இருவர் கையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ராணுவ இடத்தில் உத்தரவு போட நீ யார் என்று என் நுழைவுப் பாஸைப் பிடுங்கினார்கள். மறுநாள் பெரிய கம்பெனியின் சென்னை என்ஜினியர் என் ஷெட்டுக்கு வந்தார்.

"மன்னிப்புன்னு ரெண்டு வரி சார். நானே எழுதிட்டேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

"போட்டுருங்க அண்ணாச்சி, வேல போயிரும்லா" என்றான் ரிக்கர்.

"வாய மூடுலே. உன் கைக்காவத்தாம்லே பேசுதேன்."

நானே தமிழில் எழுதினேன். 'நிறுத்தச் சொன்னது நான். நாளைக்கும் நிறுத்துவேன். நீங்கள் மூவரும் முதலில் பேசி முடித்துவிட்டுக் கையைக் காட்டுங்கள்.'

"இதக் கொடுத்தா பாஸ் வராது சார்."

"அரபில மாத்தி மூணு காப்பி எடும். ஆளுக்கு ஒண்ணு."

பாஸ் வரவில்லை. மிச்சக் கோபுரங்களை வேறு யாரோ நிறுத்தினார்கள். அவை எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று நான் விசாரிக்கவில்லை.