இரவல் மூக்கு

டொக். ஒரு மூச்சு நேரம் அமைதி. மறுபடி டொக். பல வருடங்களுக்கு முன், நகரத்தின் பிரான்காச்சோப் பகுதியில் ஒரு பட்டறைக்குள் முதல்முறை நுழைந்தபோது கேட்ட சத்தம் இது. செம்புக் கொதிகலத்தின் குழாயிலிருந்து மது வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. வடிக்கிற தொழிலில் பாதி, சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. மீதி, வாங்க வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது. கடை மேசைக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பட்டறை சல்வோவுடையது. அதே நகரத்தில் சீசா என்கிற பகுதியில் அவருடைய தாயாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் நான். தாயார் போனபின், "சிஞ்ஞோரா, இனி என்னோடை வாங்கோ" என்று இங்கே கூட்டிவந்தார்; சிஞ்ஞோரா என்றால் அம்மா. நாங்கள் வடித்தது அசென்ஸியோ. மாசிபத்திரி இனத்துக் கசப்புச் செடியையும் பெருஞ்சீரகத்தையும் சாராயத்தில் ஊறவைத்து வடிக்கிற பச்சை மது. ஒரு காலத்தில் தடைசெய்திருந்தார்கள்; இப்போது நாகரிகமாகத் திரும்பி வந்திருக்கிறது. நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை.

நெருப்பு

சனிக்கிழமைகளில் வியா மக்வேதாத் தெருவில் எங்கள் சிறிய கடையில் நிற்பேன். கிண்ணத்தின்மேல் ஓட்டைக் கரண்டி, அதன்மேல் சீனிக்கட்டி, அதன்மேல் குளிர்ந்த நீர், துளித்துளியாக. பச்சை மெல்லக் கலங்கி வெண்மேகமாகும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அது ஒரு நல்ல வரி முடிகிற இடம் மாதிரி இருக்கும்.

ஒருநாள் இரண்டு பெண்கள் வந்தார்கள். சீனியில் நெருப்பு வைக்கச் சொன்னார்கள். அது பிற்காலத்து வேடிக்கை, சுவையைக் கெடுக்கும் என்று பொறுமையாக விளக்கினேன். மேகம் பரவியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருத்தி படமெடுத்துக்கொண்டிருந்த போனைத் தாழ்த்தினாள்.

"ஆஸ்பத்திரியிலை நிலம் துடைக்கிற தண்ணி மாதிரிக் கிடக்கு. உண்மையாவே நெருப்பு வைக்கமாட்டியளோ?"

வறுவல்

பெருஞ்சீரகத்தை இடித்துத் தரச் சொன்னார் சல்வோ. ஐம்பது வருடம் கறித்தூள் செய்த கை என்ன செய்யும்? தாச்சியை அடுப்பில் வைத்துப் பொன்னிறமாக வறுத்து, பிறகுதான் இடித்தது. செய்து முடித்தபின்தான் எனக்குப் புத்தி வந்தது. பட்டறை முழுக்க மிளகாய்த்தூள் மில்லின் மணம். சல்வோ வந்தார், ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்து நெடுக இழுத்தார். ஏச்சுக்குக் காத்திருந்தேன். "நல்ல பச்சை வாசம்" என்றவர், நான் வாய் திறக்குமுன் எல்லாவற்றையும் சாராயத்தில் கொட்டிவிட்டார்.

"உங்களுக்கு மணக்கேல்லையோ?" என்று கேட்டேன். கதிரையில் இருந்துவிட்டார். போன மாரியில் வந்த காய்ச்சல் மூக்கைக் கொண்டுபோய்விட்டதாம். வடியும்போது முதலில் வருவது நகப்பூச்சு மணக்கும், கடைசியில் வருவது ஈரச்சாக்கு மணக்கும், நடுவில் வருவதுதான் போத்தலுக்கு. அதைப் பிரிக்கவேண்டியது மூக்கு. அவர் அதுவரை ஞாபகத்தைக் கொண்டு பிரித்திருக்கிறார். மிலானோவில் மதுக்கடைகள் நடத்தும் ஒரு அம்மா சுவைபார்க்க வருவதாக இருந்தது. அவர் எங்கள் சரக்கை எடுத்தால் பட்டறை தப்பும், எடுக்காவிட்டால் மூடவேண்டியதுதான். வேறு செடி காயவைத்து வடிக்க நாளும் இல்லை.

"இனி நீங்கள்தான் மணந்து சொல்லவேணும், சிஞ்ஞோரா. அவ வந்து போகுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டாதேங்கோ."

காட்சி

இந்த மது கண்ணுக்கு மாயக்காட்சி காட்டும் என்று யாரோ எப்போதோ கட்டிவிட்ட கதை இன்னும் சாகவில்லை. ஓய்வுபெற்ற ஒருவர் பாதிப் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்தார். மூன்று நாள் குடித்தாராம், ஒன்றும் தெரியவில்லையாம். அப்படி ஒன்றும் தெரியாது ஐயா, அது பொய் என்றேன். போத்தலை மேசையில் குத்தி வைத்தார்.

"என்ரை வாசலிலை பக்கத்து வீட்டுக்காரன் கார் விட்டிருக்கிறது தெரிஞ்சுது. அது குடியாமலே தெரியும்!"

வெள்ளிக்கிழமை

அந்த வாரங்களில் ஒவ்வொரு வடிப்பின்போதும் குழாயடியில் நின்று மணந்தேன். தலைமயிர், சேலை, கைப்பை எல்லாவற்றிலும் அதே வாசம். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தவர், கோயிலில் பழக்கமான ஒரு பெண். ஊரில் நான் தமிழ் படிப்பித்தவள் என்று அவருக்குத் தெரியும். மூக்கைச் சுழித்து, தன் கைப்பையை மடிக்கு எடுத்துக்கொண்டார். நான் மூலிகை என்றேன். மூக்கில்லாத ஒருவருக்காக மணக்கிறேன் என்று சொல்ல முடியாதே!

"ரீச்சர், நீங்கள் கசிப்புச் சாராயம் காய்ச்சிறியளாம் எண்டு கதைக்கினம். வெள்ளிக்கிழமையிலை எண்டாலும் விடுறனீங்களோ?"

மிலானோ அம்மா

வந்தார். சல்வோ ஊற்றிக் கொடுத்து வருணித்தார்: மலைக்காற்று, நசுக்கிய புல், மழைக்குப் பின் வரும் காலை. அழகான சொற்கள். அந்தப் போத்தலுக்கு ஒன்றுகூடப் பொருந்தாத சொற்கள். அந்த அம்மா மறுபடி மணந்து, "ஏதோ வறுத்த மாதிரி இருக்கே?" என்றார். "இல்லை, முழுக்கப் பச்சை" என்றார் சல்வோ. அவர் திரும்பவும் கேட்டார். இவர் திரும்பவும் மறுத்தார். ஒரு மனிதர் தன் கையிலிருப்பதைப் பற்றியே இப்படித் தெரியாமல் பேசுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"ஓம், நான்தான் வறுத்தனான்" என்றேன்.

சல்வோ கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எனக்கு மணக்கிறேல்லை. பிரிச்செடுத்ததெல்லாம் இவாவின்ரை மூக்கு" என்றார். மிலானோ அம்மா என்னை, என் ஏப்ரனை, கையிலிருந்த உலக்கையை ஒருமுறை பார்த்தார். பிறகு கிண்ணத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி அதையும் குடித்தார். கைப்பையைப் பூட்டினார்.

"வலு திறம். ஆனா ஆரின்ரை கைவேலை எண்டு சொல்லி நான் இதை விக்கிறது?"

சரக்கை அவர் எடுக்கவில்லை; செம்புக் கொதிகலம் விலைபட்டு வேறோர் ஊருக்குப் போய்விட்டது. சல்வோ இப்போது சீசாவில் மச்சானின் பெயின்ட் கடையில் நிற்கிறார், அங்கே மணத்தால் தலையிடிக்காத ஒரே ஆள் அவர்தான்.