சக்கரம் வழுக்காமல் இருக்க நான் செய்த கருவி

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். மழை பெய்தால் எங்கள் தெரு மேட்டில் என் பழைய காரின் முன்சக்கரங்கள் வழுக்கிச் சுற்றும். புதிய கார்களில் இதைத் தடுக்கும் வசதி உண்டு. நாமே செய்தால் என்ன என்று இறங்கிவிட்டேன். முன்னும் பின்னும் சக்கரங்களில் சென்சார் பொருத்தி, முன்சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றினால் இன்ஜின் அடங்கும்படி செய்தேன். நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின.

போன மழையில் மனைவியோடு ஓசூர் ரோட்டில் யு-டர்ன் எடுத்தேன். பாதி திரும்பியதும் இன்ஜின் நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்தால் அரையடி நகரும், மறுபடி நின்றுவிடும்.

"ஐயோ, பஸ் வருதுங்க!" என்று அவள் அலறினாள். பஸ் எங்கள் கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. "ஏன் சார், காடி தெகீரி!" என்று வண்டியை எடுக்கச் சொல்லி ஓட்டுநர் கன்னடத்தில் கத்தினார். நாலு பேர் தள்ளி ஓரம் சேர்த்தார்கள்.

பிறகு பார்த்தால், பின்சக்கர சென்சாரின் ஒயர் அறுந்திருந்தது. பின்சக்கரம் நிற்கிறது, முன்சக்கரம் வழுக்குகிறது என்று கருவி தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறது. தொழிற்சாலையில் ஒவ்வொரு மெஷினுக்கும் அவசர சுவிட்ச் மாட்டுகிறவன் நான். என் கருவியை அணைக்க ஒன்று வைக்கத் தோன்றவில்லை.

அதைவிட எரிச்சல், காரைப் பார்த்த மெக்கானிக் சொன்னதுதான்: "முன் டயர் ரெண்டும் மொட்டை சார். வழுக்காம என்ன செய்யும்?"

கருவியைக் கழற்றிப் புது டயர் போட்டேன். இப்போதெல்லாம் கார் தகராறு செய்தால், ஸ்குரூடிரைவரை எடுக்குமுன் மெக்கானிக்கிடம் காட்டிவிடுகிறேன்.