தங்கையைக் கல்லூரியில் சேர்க்கத் துடியலூர் போன கதை

முப்பத்தாறாம் வருஷம் ஜூன் மாதம் என் தங்கை தெய்வானை பள்ளி இறுதிப் பரீட்சையில் தேறினாள். மேலே படிக்க வேண்டும் என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"துடியலூருப் பக்கம் புதுசா ஒரு காலேஜ் வெச்சிருக்காங்களாமா. போய்ப் பாத்துட்டு வா சாமி. நல்லாருந்தா சேத்துப்போடலாம். இல்லீன்னா வெள்ளிக்கிழமை வாரவங்களுக்குச் சரின்னு சொல்லிப்போடலாம்."

நான் தனியாகப் போவதாகத்தான் ஏற்பாடு. தெய்வானை விடவில்லை. "அண்ணா, நீங்க மாடு வாங்கப் போனாலே கொம்பை மட்டும் பாத்துட்டு வருவீங்க. நானும் வாரேனுங்க" என்று ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். அவள் சொன்னது உண்மை என்பதால் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் ஊரான பெருந்துறையிலிருந்து கோயமுத்தூர் ஏறக்குறைய ஐம்பது மைல். பஸ் கட்டணம் ஆளுக்குப் பதினாலணா. ஆறு மணிக்குப் புறப்படும் என்று சொன்ன பஸ், சென்னிமலையிலிருந்து வரவேண்டிய போர்வை மூட்டைகளுக்காக ஏழே கால் வரை காத்திருந்தது. மூட்டைகளுக்கு இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு மூட்டையின் மேலேயே உட்கார்ந்து போனேன். சொல்லப்போனால் அந்தப் பஸ்ஸில் அதுதான் நல்ல இருக்கை. அவினாசியில் இஞ்சின் கொதித்துப்போக, எல்லாரும் இறங்கி நிற்கவேண்டியதாயிற்று. டிரைவர் தண்ணீர் ஊற்றிவிட்டு, தானும் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வந்தார். கோயமுத்தூர் சேரும்போது மணி பதினொன்று.

அங்கிருந்து கல்லூரிக்கு ஏழு மைல். மேட்டுப்பாளையம் ரோட்டில் துடியலூரைத் தாண்டிப் போகவேண்டும். கோட்டைமேட்டைச் சேர்ந்த பாய் ஒருவர் பத்தணாவுக்குக் குதிரைவண்டி கட்டினார். எங்கே போகிறோம் என்று கேட்டதும் திரும்பி எங்களை ஒருமுறை பார்த்தார்.

"அந்தக் காலேஜுங்களா? போன வாரம் ரெண்டு பேரைக் கொண்டுபோய் உட்டேனுங்க. அதுல ஒருத்தரு அதே வண்டியிலயே திரும்பி வந்துட்டாருங்க."

"ஏனுங்க, என்னாச்சு?" என்றேன்.

"தெரியலீங்க. வர்றப்ப அவரு பேசலை. ஆனா நான் நின்னு பாத்துட்டுத்தான் போறதுங்க. திரும்புற சவாரி கெடைக்கும் பாருங்க."

பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கல்லூரி முன்பு பஞ்சு குடோனாக இருந்த கட்டடம். வகுப்பறை உத்தரத்தில் மூட்டை தூக்கும் கொக்கிகள் அப்படியே தொங்கின. மூலையில் இன்னும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்ததால் முன் வரிசைப் பையன் ஒருவன் தும்மிக்கொண்டே இருந்தான். எங்களைச் சுற்றிக் காட்ட வந்தவர் இரண்டாம் வருஷ மாணவர் கந்தசாமி. பேச்சு மன்றத்துக்குச் செயலாளர், கால்பந்துக்குக் காப்டன், விடுதிச் சாப்பாட்டுக்கு மேனேஜர், மணி அடிப்பவர், எல்லாம் அவரேதான்.

"இங்க வந்தா எல்லாத்துக்கும் பதவி உண்டுங்க. மொத்தம் முப்பத்தொரு பேரு, சங்கம் பதினாலு. பந்து வெளையாட ஆள் போதாம கணக்கு வாத்தியாரு கோல்கீப்பரா நிக்கிறாருங்க."

"புஸ்தகம் எங்கீங்க?" என்றாள் தெய்வானை.

அவர் ஓர் அலமாரியைக் காட்டினார். சாவி பிரின்ஸிபாலின் இடுப்பில் இருந்தது. ரசாயன அறையில் நல்ல தராசு ஒன்று இருந்தது. காற்றடித்தால் தட்டு ஆடும் என்பதால் எடை போடும்போது ஜன்னல்களைச் சாத்திவிட்டு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்களாம். நான் ஊருக்குத் திரும்பி என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினேன். தெய்வானையோ குனிந்து அந்தத் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஓர் ஆசை. வேண்டாம் என்று இனி நான் எப்படிச் சொல்வேன்?

பிரின்ஸிபால் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். தெய்வானையின் மார்க்குத் தாளைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சோர்ந்து சாய்ந்தார்.

"இங்கே பெண்கள் இதுவரை சேர்ந்ததில்லை."

"சேரக் கூடாதுன்னு சட்டம் இருக்குங்களா சார்?" என்றாள் தெய்வானை.

அவர் ஒரு நோட்டை எடுத்துப் பொறுமையாகப் புரட்டினார். "இல்லை. அதைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை" என்றார், தானே வியந்து.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. விஞ்ஞான வகுப்பில் பத்துப் பேர் சேராவிட்டால் அதை மூடிவிடுவதென்று கல்லூரிக் கமிட்டி முடிவு செய்திருந்தது. கெடு அன்று மாலை நாலு மணி. சேர்ந்திருந்தவர்கள் எட்டுப் பேர். வகுப்பை மூடினால் இரண்டு ஆசிரியர்களுக்கு வேலை போகும். தெய்வானை ஒன்பதாவது.

"ஒன்பது பத்தாகாது" என்றார். "அதோடு, பெண் தனியாக வகுப்பில் உட்கார்ந்தால் கமிட்டி கேள்வி கேட்கும். காப்பாளர் ஒருவர் கூடவே இருக்கவேண்டும்." சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாகக் குதிரைவண்டிப் பாயை ஒரு நிமிஷம் யோசனையோடு பார்த்தார்.

தெய்வானை என்னைப் பார்த்தாள். "எங்கண்ணன் ஆறு வருஷம் முந்தியே எஸ்.எஸ்.எல்.சி. பாஸுங்க சார்."

"அம்மணி! தோட்டத்துல மஞ்சள் நட்டுப்போட்டு வந்திருக்கேன்!" என்று கத்திவிட்டேன். "சர்டிபிகேட்டும் கொண்டுவரலை."

அவள் துணிப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். என்னுடையதுதான். "என்னோடதுகூடவே இருந்துதுங்கண்ணா. பிரிச்செடுக்க நேரமில்லீங்க" என்றாள். பிறகு மேஜையிலிருந்த பேனாவை என் பக்கம் நகர்த்தினாள்.

அந்தப் பேனாவைப் பார்த்துவிட்டு மறுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டேன். பிரின்ஸிபால் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தெய்வானை கணக்கு ஆசிரியர் வீட்டில் அவர் மனைவியோடு தங்குவது, நான் விடுதியில் தங்குவது என்று முடிவாயிற்று. பாய்க்குத் திரும்பும் சவாரியும் கிடைத்தது.

மறுநாள் வீட்டில் சொன்னோம். "பொண்ணு படிக்கிறான்னு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்ககிட்டச் சொல்லிப்போடலாம்" என்றார் அப்பா. "இருபத்தி நாலு வயசுப் பையனும் படிக்கிறான்னு யாருகிட்டப் போய்ச் சொல்றது?" ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, இரண்டு வருஷம் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மஞ்சளைத் தானே பார்த்துக்கொண்டார்.

தங்கள் பிள்ளைகளைச் சேர்க்க இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில வார்த்தை. செவ்வாய்க்கிழமை வாருங்கள், அன்றுதான் விடுதியில் சாம்பார் சாம்பாராக இருக்கும். சொந்த வாளி கொண்டுவாருங்கள். கட்டடத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பெரிய கல்லூரியில் கடைசி பெஞ்சு என்று ஒன்று உண்டு. இங்கே பத்துப் பேருக்கு இரண்டே பெஞ்சு. முதல் பருவத்தில் ரசாயனத்தில் நான் பத்தொன்பது வாங்கியபோது ஆசிரியர் என்னை விடவில்லை. தினமும் மாலையில் அரைமணி நேரம், என் ஒருவனுக்காகவே திரும்பவும் பாடம் நடத்தினார்.

அந்த மார்க்குக்கு வெட்கப்பட்டுத் தெய்வானை அதன்பின் வகுப்பில் என்னோடு பேசுவதை விட்டாள். அவள் வாங்கியது எண்பத்தொன்று, நியாயம்தான். இரண்டாம் பருவத்தில் எனக்கு முப்பத்தாறு வந்தது. ஆசிரியர் என் பேரைப் படித்து "பாஸ்" என்றதும் முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அது எங்கண்ணனுங்க சார்."