நைலோன் கயிறும் ராத்தாவின் கடலும்

ஹஜ்ஜுப் பெருநாள் பகல் சோறு முடிந்து ஆண்கள் வெளியே இறங்கினால் எங்கள் வளவு பெண்களுடையதாகிவிடும். மாமரத்தில் ஊஞ்சல் ஏறுவது அப்போதுதான். அந்த வருடம் வழமையான தும்புக் கயிற்றை நான் ஒதுக்கிவிட்டேன். உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். தகைப்பு, விகாரம் என்று, எது எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு நீளும் என அறிய, கையில் அகப்பட்டதையெல்லாம் இழுத்துப் பார்க்கிற பைத்தியம். மாமாவின் தோணியிலிருந்து மெல்லிய நைலோன் கயிறு வாங்கி, நானே மரமேறிக் கட்டினேன்.

என் மூத்தவள் ராத்தாவுக்கு அடுத்த மாதம் கலியாணம். பெரிய பிள்ளையானதிலிருந்து அவள் கடலைப் பார்க்கவில்லை. இரண்டு வேலிக்கு அப்பால் இரைகிற கடல்! ஊஞ்சலில் உயரப் போனால் தெரியும் என்று ஆசை காட்டியவள் நான்தான். கலியாணமான பெண் ஊஞ்சலில் நிற்பது எங்கள் தெருவில் வழக்கமில்லை.

அவள் பலகையில் ஏறினாள். கயிறு நீண்டது, நீண்டது, பலகை மணலில் குந்திவிட்டது.

"ஊஞ்சல் எண்டாள், குந்துற வாங்கு போட்டிரிக்காளே!" சாச்சி விழுந்து விழுந்து சிரித்தார்.

"படிச்சவள் கட்டினது" என்றார் உம்மா. "அறுந்து உளுந்தா ஆருகா மாப்பிள்ள ஊட்டுக்குப் பதில் செல்ற? அஸர் பாங்கோட ஊஞ்சல் முடிஞ்சிடும், தெரியும்தானே."

ராத்தா இறங்கியதும் பலகை மெல்ல மேலே வந்தது. எனக்குப் புல்லரித்தது.

"அறாதும்மா. இழுபடுது, உட்டாத் திரும்பி வருது. பாருங்களன்!"

மறுபடி ஏறி உயர்த்திக் கட்டினேன். இப்போது உரலைக் கவிழ்த்து, அதில் கால் வைத்துத்தான் ராத்தா ஏற முடிந்தது. தள்ளினேன். மேலே போகும்போதுதான் கயிறு தவிக்கும் என்று பயந்திருந்தேன். மாறாக, மணலை உரசுகிற அடியில்தான் அது மெலிந்து முனகியது. உச்சியில் ராத்தாவின் பாரத்தையே மறந்ததுபோல ஒரு கணம் தளர்ந்து நின்றது. மாவிலைக்குள் அவளுடைய சீலை, வெயில், பிறகு ஒன்றுமில்லை, பிறகு மறுபடி அவள். எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ.

பள்ளிவாசலில் அஸர்த் தொழுகைக்கான பாங்கு தொடங்கியது. உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு எழும்பினார்.

"தெரியுதா ராத்தா?"

அடுத்த உச்சியில்தான் குரல் வந்தது, யாருக்கும் சொல்லாததுபோல.

"இவ்வளவு கிட்டவா இரிந்திரிக்கி?"

ஊஞ்சலை நிறுத்தக் கயிற்றுப் பக்கம் கையை நீட்டிய உம்மா, அப்படியே நின்றார்.

"பாங்கு இன்னம் முடியல்லயே" என்றார் என்னிடம். "இன்னொருக்காத் தள்ளு புள்ள."