சின்னம்மாவின் ஆஸ்பத்திரிக் கோவை

மகளுக்கு முதன்முறை வலிப்பு வந்தபோது நான் அலறினேன். அம்மா அலறவில்லை. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

அம்மாவின் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். கை கால் இழுத்தது. கண் மேலே செருகியது. நான் ஓடிப்போய்த் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டதுதான் மிச்சம். அம்மா துருவலையைக் காலால் எட்டத் தள்ளினார். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்பில் செருகியிருந்த திறப்புக் கோர்வையை உருவி அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார். வலிப்புக்கு இரும்பு கொடுப்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் அம்மாவின் கை யோசிக்காமலே இடுப்புக்குப் போனதை நான் பார்த்தேன். பூட்ட இருப்பது ஒரு வாசல் கதவும் ஒரு அலுமாரியும். அதற்கு எதற்கு இத்தனை திறப்பு?

பிள்ளை கண் விழித்ததும் அம்மா சொன்னார்: "எங்கட குடும்பத்தில இப்பிடி ஒருத்தருக்கும் இல்லை."

யாரும் கேட்கவேயில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கிளினிக்கில் டொக்டர் கேட்டார். அம்மாவுக்கு ஒரே ஒரு தங்கை, என் சின்னம்மா, நான் பிறப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர் என்று சொன்னேன். மூளைக் காய்ச்சல் என்றுதான் வீட்டில் கதை. டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சில வகை வயது போகப் போக நிண்டிடும். சிலது நிக்காது. குடும்பத்தில ஆருக்கு, எப்ப வந்தது எண்டு தெரிஞ்சால் எனக்கு உதவி. அவவின்ர ஆஸ்பத்திரிக் கோவையை, பழைய பைலை, எடுக்க ஏலுமோ எண்டு பாருங்கோ."

உப்புவெளிக்குத் திரும்பும் பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்திருந்தாள். "அம்மா, இது நிக்குமோ?" என்று கேட்டாள். தலையைத் தடவிக் கொடுத்தேன்.

நானும் ஓர் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருப்பவள். 'கோவை காணேல்லை' என்றால் 'எழும்பிப்போய்த் தேட மனமில்லை' என்று பொருள். அதனால் ஆஸ்பத்திரிப் பதிவறை எழுதுவினைஞர் மரணச் சான்றிதழ், உறவுக்கு அத்தாட்சி, உயிரோடு இருக்கும் நெருங்கிய உறவின் கையெழுத்து என்று கேட்டபோது, என்னை அலைக்கழித்துக் களைக்க வைக்கிறார் என்றே நினைத்தேன். மற்றவை ஒருவாறு கிடைத்தன. கையெழுத்துத்தான் சிக்கல் என்று எண்ணியிருந்தேன். உயிரோடு இருக்கும் நெருங்கிய உறவு அம்மா அல்லவா? அழுவார், செத்தவளைக் கிளறாதே என்பார் என்று சண்டைக்கு ஆயத்தமாகவே போனேன்.

அம்மா கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்திட்டார். கரண்ட் பில்லை மூன்று தரம் வாசித்தாலும் நம்பாத மனுசி! அந்தக் கடுதாசியை மடித்துப் பையில் வைத்தேன். கோவையில் ஒன்றும் இருக்காது என்று இவருக்கு முன்னமே தெரியுமோ?

எழுதுவினைஞரும் என்னை ஏமாற்றினார். சொன்ன நாளில் கோவையைத் தூசி தட்டி வைத்திருந்தார். பிரதி எடுத்துக் கையில் தந்த பிறகும், தாள் ஏதும் உருவப்பட்டிருக்குமோ என்று பக்க எண்களைச் சரிபார்த்தேன். எல்லாம் இருந்தது. பிறகு துறைமுகம் தெரியும் யன்னலோரம் நின்று வாசித்தேன்.

காய்ச்சல் என்று எங்குமே இல்லை. சின்னம்மாவுக்கு வலிப்பு. பதின்மூன்று வயதில் தொடங்கியது, நிற்கவேயில்லை. ஒருநாள் வந்த வலிப்பு விடாமல் நீண்டு, ஆஸ்பத்திரி விடுதியிலேயே உயிர் போயிருக்கிறது. என் பிள்ளைக்கும் இதுதானா என்று, ஆட்கள் போய்வரும் அந்த நடையில் நின்று அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதற்பக்கத்துக்குப் போனபோதுதான் அந்த வரியைக் கண்டேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது: இல்லை. தகவல் தந்தவர்: அக்கா.

குசினியில் அம்மா சொன்ன அதே பதில். அன்றைக்கே நான் நம்பாத பதில்.

நேரே அம்மா வீட்டுக்குப் போனேன். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"சின்னம்மாவுக்கு முதல் ஆருக்கு வந்தது?"

தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. நான் போய்க் குழாயை மூடினேன்.

"எனக்கு," என்றார் அம்மா. "பெரிய பிள்ளையான காலத்தில. அவள்தான் என்ர கையில இரும்பு வைக்கிறவள். பிறகு அவளுக்குத் தொடங்கிச்சுது, நான் வைச்சனான். என்ர இருபது வயசோட நிண்டிட்டுது. அவளுக்கு நிக்கேல்லை." கையைச் சேலையில் துடைத்தார். "அவளை ஆஸ்பத்திரியில சேர்க்கேக்க எனக்குக் கலியாணம் பேசினவை. டொக்டர் கேட்டவர். இல்லையெண்டனான்."

"அப்பாவுக்கு?"

"கடைசி வரைக்கும் தெரியாது."

"பிள்ளை விழுந்த அண்டைக்காவது சொல்லியிருக்கலாமே, அம்மா! எத்தனை நாளாய் அவள் நித்திரையில்லாமல் கிடக்கிறாள்?"

"நாளைக்கு அவளுக்கும் கலியாணம் பேச வேண்டாமோ? தங்கச்சிக்கு மட்டுமெண்டால் ஏதோ ஒண்டு எண்டு விடுவினம். எனக்கும் எண்டால் பரம்பரையெண்டு சனம் கதைக்கும்."

எனக்கு வந்த கோபத்தில் மீன் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை. "கிளினிக்குக்கு வாங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தார். வருவார் என்று நான் நம்பவில்லை. வந்த பிறகும், வாயைத் திறப்பார் என்று நம்பவில்லை. டொக்டர் கோவையைப் புரட்டி அந்த வரியில் விரலை வைத்து, "அப்ப வேற ஒருத்தருக்கும் இல்லை, என்ன?" என்றார். நான் வேண்டுமென்றே பதிலை அம்மாவுக்கு விட்டேன். அம்மா இடுப்புத் திறப்புகளை இறுக்கிப் பிடித்திருந்தார். அவருடைய பார்வை கதவுப் பக்கம் போனது. இதோ எழும்பப் போகிறார் என்றே நினைத்தேன்.

"அது பொய், டொக்டர்," என்றார். "எனக்கு இருந்தது."

மகள் சடாரென்று திரும்பினாள். அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அம்மம்மாவின் முகத்தை அப்படி ஒரு பார்வை பார்த்தாள்.

"நிண்டதோ, அம்மம்மா?"

"நிண்டிட்டுது, குஞ்சு. எனக்கு நிண்டிட்டுது."