கம்பிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில்

மூன்றாம் வாசலில் எக்ஸ்ரே அக்கா வேலையில் இருக்கிறார் என்று தெரிந்தால் சில பயணிகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் வாசல் வரிசைக்கு ஓடுவார்கள். அக்கா அங்கே போன் போடுவார். "பச்சைச் சட்டை, தொப்பி. பெட்டியைத் திறந்து பாரு." அவ்வளவுதான். படம்கூட வேண்டாம், ஓடுகிற ஓட்டமே போதும்.

துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறுகிறவர்களின் பெட்டிகளைப் படம் பிடிக்கும் இயந்திரத்தின் முன்னால் அவர் உட்கார்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. சொந்தச் சரக்கைக் கப்பலுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். உள்ளேயே ஏழு பார் இருக்கிறது. அங்கே கேட்கிற விலையில் குடித்த போதை தானாக இறங்கிவிடும். ஆகவே ஜனங்கள் ஒளித்துக்கொண்டு வருவார்கள். அக்கா பிடிப்பார். பிடித்த பாட்டிலில் அறை எண் எழுதிய சீட்டைக் கட்டி, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். பயணம் முடிந்து இறங்குகிற காலையில் திருப்பித் தருவார்கள். அந்த வரிசையில் நிற்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

அக்கா ஒரு சொட்டுக் குடித்ததில்லை. இருமல் மருந்துக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர். ஆனால் குடிகாரர்களுக்குத் தெரியாத வித்தையெல்லாம் அவருக்குத் தெரியும். வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலில் பச்சைச் சாயம் கலந்த வோட்கா பார்த்திருக்கிறார். பைனாகுலர் மாதிரி செய்த குப்பி பார்த்திருக்கிறார்; அதன் வழியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கவிழ்த்தால்தான் விஷயம். எட்டு மாத வயிற்றோடு வந்த வங்கி மேலாளர் அம்மாள் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபோது வயிறு களக் என்றது. கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவம் என்று முப்பத்திரண்டு பாட்டிலோடு வந்தவரிடம், "உங்களுக்கு மொத்தம் எத்தனை கண்ணு சார்?" என்று கேட்டார் அக்கா. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாத்தையும் கொடுத்துட்டே போறேன்மா" என்றார்.

திரையில் இரும்பு நீலமாகத் தெரியும். துணி, சோப்பு, ரொட்டி, சாராயம் எல்லாம் ஆரஞ்சு. ஆரஞ்சுக்குள் ஆரஞ்சைப் பிரிப்பதுதான் தொழில். அக்கா பாட்டிலைத் தேடுவதில்லை, பாட்டிலின் கழுத்தைத் தேடுவார். பெட்டிகளை அவருக்கு உள்ளிருந்துதான் தெரியும். வெளியே என்ன நிறம் என்று கேட்டால் முழிப்பார். உள்ளே எது எதன்மேல் இருந்தது என்று கேட்டால் போன வாரத்துப் பெட்டியைக்கூட வரைந்து காட்டுவார்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் தானே ஒரு பாட்டிலைக் கடத்தக் கிளம்பினார். காரணம் ஒரு ரொட்டி.

ஏழு வருடத்துக்கு முன்னால் அவருடைய கணவரின் அண்ணன், பூட்டுக்கடை வைத்திருப்பவர், மனைவியோடு கப்பலில் போனார். முழங்கை நீள ரொட்டி ஒன்றின் உள்ளே குடைந்து, விஸ்கி பாட்டிலைச் செருகி, வெட்டின முனையைத் திரும்பப் பொருத்தி, ஜாமால் ஒட்டியிருந்தார். பூட்டு செய்கிறவர் கை. மயிரிழை இடைவெளி தெரியாது. அன்றைக்கு மூன்றாம் வாசலில் அக்கா.

"இந்தப் பையைத் திறங்க."

"நான்தான்மா" என்றார் பூட்டுக்கடைக்காரர், குரலைத் தாழ்த்தி.

"தெரியுது அத்தான். திறங்க."

பின்னால் நானூறு பேர். ரொட்டி உடைந்தபோது யாரோ கை தட்டினார்கள். பயணம் முடிந்து வந்தவர் பாட்டிலைத் திருப்பி வாங்கவும் வரவில்லை. அன்றிலிருந்து அக்காவோடு நேர்ப்பேச்சு கிடையாது. வீட்டுக்கு வருவார், போவார். எதிரிலேயே அக்கா உட்கார்ந்திருந்தாலும் தம்பியைப் பார்த்துத்தான் பேசுவார்.

"காபி நல்லாயிருக்குன்னு சொல்லு."

தம்பி டவுன் பஸ் ஓட்டுகிறவர். நல்ல மனுஷர், யாரையும் பாதி வழியில் இறக்கிவிட மாட்டார். மனைவி பக்கம் திரும்பி, "காபி நல்லாயிருக்காம்" என்பார்.

"கேட்டுச்சு" என்பார் அக்கா.

"கேட்டுச்சாம்" என்பார் அண்ணன் பக்கம் திரும்பி.

அந்தக் குடும்பத்தில் ஏழு வருடமாக யாரும் ரொட்டி வாங்குவதில்லை.

போன மாதம் பூட்டுக்கடைக்காரரின் மகள் வெளிநாட்டிலிருந்து நான்கு டிக்கெட் அனுப்பினாள். அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி. ஐந்து நாள் கப்பல். பக்கத்துப் பக்கத்து அறை, நான்கு பேருக்கு ஒரே சாப்பாட்டு மேசை.

கணவர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டார். "அஞ்சு நாள். மூணு வேளை. நடுவுல உக்காந்து நான் எத்தனை தடவைதான் திரும்புறது?"

அக்கா அன்றே முடிவு செய்தார். அத்தானிடம் பேச ஆரம்பிக்க ஒரு பாட்டில் வேண்டும். கப்பல் பாரில் வாங்கிக் கொடுத்தால் அது உபசாரம். யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதே விஸ்கி, சீல் உடையாமல், அதே வாசல் வழியாக, அதே இயந்திரத்துக்குள் போய் வர வேண்டும். அதை அவர் அறை மேசைமேல் வைத்துவிட்டு, "அத்தான், இது உங்களோடது" என்று சொல்ல வேண்டும். அதற்குமேல் அவரால் தம்பி பக்கம் திரும்ப முடியாது.

துறைமுக ஊழியர் பயணியாக வந்து மாட்டினால் மெமோ உண்டு. இரண்டு வாரம் இயந்திரத்தை விட்டு இறக்கி டிராலி தள்ளச் சொல்வார்கள். அது போகட்டும். மாட்டினால் அத்தானுக்கு முன்னால் இன்னொரு பாட்டில் மேசையேறும். ஏழு வருடம் இன்னும் எத்தனை வருடமாகுமோ. அதுதான் அக்காவை உறுத்தியது. கணவரிடம் மூச்சு விடவில்லை. பஸ்ஸை ஓட்டுகிற தைரியம் அவருக்குப் பொய் சொல்வதில் கிடையாது.

செவ்வாய்க்கிழமை துறைமுகத்தில் கப்பல் இல்லை. அக்கா வீட்டிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். உள்ளே அதே அளவு பாட்டிலில் தண்ணீர். மதிய இடைவேளையில் இயந்திரத்துக்குள் விட்டார். கூட வேலை பார்ப்பவர் எட்டிப் பார்த்தார். அவரைத் துறைமுகம் முழுக்கக் கொட்டாவி என்றுதான் கூப்பிடும்.

"என்ன அக்கா, பெட்டி?"

"சக்கரம் சரியா உருளுதான்னு பாக்குறேன்."

"அதை எதுக்கு மெஷினுக்குள்ள விடுறீங்க?"

"உள்ள உருளுதான்னு தெரிய வேணாமா?"

கொட்டாவி அதை யோசித்துப் பார்த்தார். பிறகு பேருக்கேற்ற காரியத்தைச் செய்துவிட்டுப் போனார்.

முதல் தடவை பாட்டில் பளிச்சென்று தெரிந்தது. இரண்டாம் தடவை கழுத்து மட்டும். மூன்றாம் தடவை அக்காவுக்கே தெரியவில்லை. பெட்டியை இழுக்கும் கைப்பிடியின் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் படுக்கவைத்து, கழுத்துக்கு மேலே மடக்குக் குடையை வைத்திருந்தார். குடைக்கம்பிகள் கழுத்தைக் கோடு கோடாகப் பிய்த்துப் போட்டிருந்தன. அக்காவுக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நொடியே ஒரு சந்தேகம். பத்தொன்பது வருடத்தில் இப்படி எத்தனை குடை போயிருக்கும்?

புறப்பட்ட அன்று காலையில் தூறல். மூன்றாம் வாசலில் நான்கு பேரும் வரிசையில் நின்றார்கள். அக்கா இந்தப் பக்கம் நின்றதே இல்லை. இங்கிருந்து பார்த்தால் தன் நாற்காலி பள்ளிக்கூடத்து நாற்காலி மாதிரி இருந்தது. காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. அடக்கினார், மூக்கு வழியாக வந்தது.

"என்ன சிரிக்கிற?" என்றார் ஓரகத்தி.

"கப்பல் பெரிசா இருக்கு."

"அதுல என்ன சிரிப்பு?"

"ரொம்பப் பெரிசா இருக்கு" என்று சொல்லி அக்கா மறுபடி சிரித்தார். காது சூடாகி, கால் தரையில் பாவாமல், குடிக்கிறவர்கள் சொல்வதெல்லாம் அவருக்கு ஒரு மூடி திறக்காமலே நடந்துகொண்டிருந்தது.

பெட்டிகள் பெல்ட்டில் ஏறின. இயந்திரத்தில் கொட்டாவி. அக்கா உலோகச் சட்டத்தைத் தாண்டி மறுபக்கம் வந்தார். அங்கே காவலருக்காக இரண்டாவது திரை ஒன்று சாய்த்து வைத்திருக்கும். பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் மட்டும் திரும்பவில்லை.

ஒரு பெட்டி போனது. நான்கு ஜோடிச் செருப்பு, சீப்பு. அடுத்தது, குழந்தைப் பால் பாட்டில், பொம்மை. மூன்றாவது வந்தது. இரண்டு நீலக் கம்பி, ஆரஞ்சு மூட்டை, ஓரத்தில் ஒரு ஜோடி ஆண் செருப்பு. இந்தப் படத்தை அக்கா இதற்குமுன் பார்த்ததில்லை. கம்பிகளுக்கு நடுவில் தெளிவாக, வெட்கமில்லாமல், ஒரு கழுத்து.

அக்காவின் வாய் அக்காவைக் கேட்கவில்லை.

"நிறுத்து. ஒரு பாட்டில், கம்பிக்குப் பக்கத்துல. கழுத்து தெரியுது பாரு. அந்தப் பெட்டியைத் திற."

கொட்டாவி அந்த நேரம் பார்த்து வாயை அகலத் திறந்து கண்ணை இறுக மூடியிருந்தார். இன்னும் இரண்டு விநாடி விட்டிருந்தால் பெட்டி போயே போயிருக்கும். பழகின குரல் காதில் விழுந்ததும் கை தானாகப் பொத்தானை அமுக்கியது. பெல்ட் நின்றது.

"சிவப்பு ரிப்பன் கட்டின கறுப்புப் பெட்டி யாரோடது?" என்று காவலர் கேட்டார். யாரும் வரவில்லை.

அக்காவும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "யாரா இருந்தாலும் முன்னாடி வாங்க. பின்னால ஜனங்க நிக்கிறாங்க."

கணவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "இந்தா, அது நம்ம பெட்டி."

அக்கா பெட்டியைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார். அவரே கட்டின ரிப்பன்.

காவலர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். கொட்டாவிக்கு வாழ்நாளில் முதல்முறையாகத் தூக்கம் முழுசாகக் கலைந்திருந்தது. கிட்டே வந்து குசுகுசுத்தார். "அக்கா, நான் பாக்கலைன்னு வச்சுக்கவா?"

"பார்த்தாச்சு. எழுது."

"மெமோ வருமே."

"வரட்டும். எழுது."

கொட்டாவி பதிவேட்டைத் திறந்தார். "எப்படி ஒளிச்சிருந்ததுன்னு ஒரு கட்டம் இருக்கு அக்கா. என்ன போட?"

"கைப்பிடிக் கம்பிக்கு நடுவுல, மடக்குக் குடைக்கு அடியில."

கொட்டாவி பெட்டிக்குள் பார்த்தார். "குடை எங்க அக்கா?"

எல்லோரும் திரும்பினார்கள். கூரைக்கு அடியில், ஒரு சொட்டு விழாத இடத்தில், கணவர் அந்தக் குடையை விரித்துப் பிடித்தபடி நின்றார்.

"தூறுச்சு" என்றார் அவர். "அதான் வெளிய எடுத்தேன். இடம் காலியா இருந்துச்சா, என் செருப்பை வச்சேன்."

பூட்டுக்கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பாட்டிலைத் தூக்கி லேபிளைப் படித்தார். சீலைத் தடவிப் பார்த்தார். தம்பியின் பக்கம் திரும்பினார்.

"இது யாருக்குன்னு கேளு."

குடையை மடக்கத் தெரியாமல் மடக்கிக்கொண்டே தம்பி திரும்பினார். "யாருக்குன்னு கேக்குறாரு."

"அவருக்குன்னு சொல்லுங்க."

"உனக்காம்."

பூட்டுக்கடைக்காரர் பாட்டிலை மேசைமேல் திரும்ப வைத்தார். பிறகு, "நீ சும்மா இருடா" என்று தம்பியை ஓரமாகத் தள்ளிவிட்டு அக்காவுக்கு நேராக வந்தார்.

"எனக்கா கொண்டுவந்தே?"

"ஆமா அத்தான்."

"ஒளிச்சா?"

"ஒளிச்சுத்தான்."

"ஒளிச்சுக் கொண்டுவந்துட்டு நீயே பிடிச்சுக் கொடுத்தியா?"

"யார் பெட்டின்னு தெரியல அத்தான். கழுத்து தெரிஞ்சுது, சொல்லிட்டேன்."

முதலில் அவருடைய தோள் குலுங்கியது. பிறகு வயிறு. சிரிப்பில் நிற்க முடியாமல் பக்கத்திலிருந்த டிராலியில் உட்கார்ந்தார்; அது அவரைச் சுமந்துகொண்டு உருண்டு இரண்டாம் வாசல் வரிசைக்குள் புகுந்தது. அங்கிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. காவலர் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீ என்னை வேணும்னே அவமானப்படுத்தினேன்னு நினைச்சேன்மா. நாலு பேர் முன்னால கெத்து காட்டுறேன்னு."

"இல்ல அத்தான். ரொட்டியிலயும் கழுத்து தெரிஞ்சுது."

"ஜாம் போட்டு ஒட்டினேனே?"

"ஒட்டினது நல்லாத்தான் இருந்துச்சு. அதுல ஒரு குறையும் இல்ல."

இதைக் கேட்க அவர் ஏழு வருடம் காத்திருந்தது போல முகம் மலர்ந்தது. பதிவேட்டை அக்கா தன் பக்கம் இழுத்தார். அதிகாரி கையெழுத்து என்ற இடத்தில் பேனா தானாகப் போய் நின்றது. கொட்டாவி விரலால் காட்டினார். "இங்க இல்ல அக்கா. பயணி, அந்தப் பக்கம்." அக்கா பயணி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அலமாரிக்குப் போகிற பாட்டிலை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார் பூட்டுக்கடைக்காரர். "இறங்குறப்ப நானே வந்து வாங்கிக்கிறேன். நீ கூட வா."

கப்பல் நகர்ந்தபோது அவர் பாருக்குப் போகவில்லை. மேசை மேசையாகப் போனார். முன்பின் தெரியாதவர்களிடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இதோ நிக்கிறாளே, எங்க வீட்டுப் பொண்ணு" என்று ஆரம்பித்தார். அக்கா ஆரஞ்சு ஜூஸோடு பக்கத்தில் நின்றார், நிற்காவிட்டால் விடமாட்டார். முதல் மேசையில் சொன்ன கதையில் ஒரு பாட்டில் இருந்தது. மூன்றாம் மேசையில் நான்காகி, கப்பல் சங்கு ஊதியது. ஐந்தாம் மேசையில் கேப்டனே இறங்கி ஓடி வந்தார்.

நால்வருக்கான மேசையில் கணவர் ஓரகத்தியோடு உட்கார்ந்து, யாருக்கும் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டியிராததால், இரண்டாவது தட்டை நிதானமாகக் காலி செய்துகொண்டிருந்தார்.

"மொத்தம் ஆறு பாட்டிலுங்க" என்றார் பூட்டுக்கடைக்காரர் ஆறாம் மேசையில்.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. "ஒண்ணுதான் அத்தான்."

"கதையை நான் சொல்றேனா, நீ சொல்றியா?"

"நீங்கதான். ஆனா ஒண்ணுதான்."

"சரிம்மா, மூணு" என்று இறங்கி வந்தார் அவர். "அதுக்குக் கீழ என்னைக் கேக்காத."