சந்தனம் வைத்த இசைத்தட்டு

"நல்ல எண்ணத்தோடுதானே செய்தார்கள்" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் அங்கேயே கத்தித் தீர்த்திருப்பேன். நல்ல எண்ணத்தோடு ஒரு பொருளைப் பாழாக்குகிறவர்களை என்ன செய்வது?

திருமயத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஒரு கிராமபோன் இருந்தது. மாமியாரின் தம்பி பினாங்கிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. கூடவே ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள். எல்லாம் நாடகப் பாட்டுகள். ஒன்று மட்டும் வேறு. ஸ்பெயின் தேசத்து வித்வான் ஒருவர் தனியாக உட்கார்ந்து வாசித்த கித்தார். அது எப்படி அந்தப் பெட்டிக்குள் வந்தது என்று கொண்டுவந்தவருக்கே தெரியவில்லை.

அதை முதன்முதலில் விருந்தாளிகளுக்கு முன்னால் வைத்தபோது எல்லோரும் பாட்டு ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். "இன்னும் சுதிதான் சேத்துக்கிட்டு இருக்கான்" என்றார் ஒருவர். தட்டு முடிந்து ஊசி நடுவில் சுற்றிக்கொண்டிருந்தபோதுகூட, "எப்பத்தான் பாடுவான்?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பாட்டு வராத பிளேட்டு என்று பெயர்.

கல்யாணத்துக்கு முன்பு வீணை கற்றுக்கொண்டவள் நான். புகுந்த வீட்டில் வீணைக்கு இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை, நேரமில்லை என்றார்கள். மதியம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, கிராமபோன் குழாயில் பழைய சேலைத் துணியைத் திணித்துவிட்டு அந்தத் தட்டை வைப்பேன். அந்த நேரம் ஒன்றுதான் அந்த வீட்டில் என்னுடையது.

முதலில் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். கீழே தடித்த தந்தி நின்று நிதானமாக நடக்கிறது, மேலே மெல்லிய தந்தி ஓயாமல் துடிக்கிறது. மடியில் கையை வைத்துச் செய்து பார்த்தபோதுதான் புரிந்தது. கட்டைவிரல் தன் வழியே போக, மற்ற விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தந்தியைத் தொடுகின்றன. ஒரே ஆள்தான். கமகமே இல்லை, என்ன மொட்டை வாசிப்பு என்று ஆரம்பத்தில் இளக்காரமாகத்தான் கேட்டேன். கேட்கக் கேட்க வேறு விஷயம் தெரிந்தது. நான் தந்தியை இழுத்து ஸ்வரத்துக்குக் கொடுக்கிற கனத்தை, அவர் ஒன்றை அழுத்தியும் அடுத்ததை ஏறக்குறைய கேட்காத அளவு மெல்லவும் தொட்டுக் கொண்டுவந்துவிடுகிறார். நடுநடுவே கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். என் கணவர் அரைத்தூக்கத்தில் அதைக் கேட்டுவிட்டு, "பிளேட்டுல கீறல் விழுந்துருச்சு போல" என்று புரண்டு படுப்பார். கீறல் இல்லை. இடது கை இடம் மாறும்போது தந்தியின் மேல் விரல் உரசுகிற சத்தம். என் வீணையிலும் அது வரும். எனக்கு அந்தச் சத்தம் அத்தனை பிடிக்கும்.

பிறகு யுத்தம் வந்தது. பினாங்குக் கப்பல் நின்றுபோயிற்று. இந்தத் தட்டு போனால் இன்னொன்று இல்லை என்று எனக்குத் தெரியும். தேய்ந்த ஊசி தட்டின் வரிகளைக் கெடுத்துவிடும் என்று, ஒரு தடவை போட்ட ஊசியை மறுபடி போட மாட்டேன்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜையில் புத்தகம், தராசு, அரிவாள்மனை, கிராமபோன் எல்லாம் சாமிக்கு முன்னால் ஏறின. சந்தனம் வைக்கிறது என் கணவரின் வேலை. நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால், மற்ற தட்டுகளுக்கு உறையின் மேல் பொட்டு. என்னுடையதை மட்டும் உறையிலிருந்து உருவி, வரிவரியாக இருக்கிற கறுப்புப் பரப்பில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, குங்குமமும் வைத்திருந்தார்.

"ஒனக்குப் புடிச்ச பிளேட்டாச்சே. அதான் தனியா எடுத்து வச்சேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. ராத்திரி முழுக்கச் சந்தனம் காய்ந்தது, நானும் காய்ந்தேன். விடிந்து விஜயதசமிக்கு எல்லாவற்றையும் ஒரு தடவை உபயோகித்துத் தொடங்க வேண்டும் என்பதால், நான் குளித்து வருவதற்குள் அதையே சுற்ற விட்டுவிட்டார்கள். கூடத்தில் கரகரவென்று அம்மி அரைக்கிற சத்தம். வந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊசி சந்தனத்தை உழுதுகொண்டு போனதை நான் ஈரத்தலையோடு நின்று பார்த்தேன். ஓடிப்போய் எடுப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்குற? குடு இங்கிட்டு. வெளக்கு வெளுக்குது, இது வெளுக்காதா?"

கிணற்றடியில் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கைத் தேய்க்கிற தேய்ப்பு. சந்தனம் போய்விட்டது. வரிகளும் போய்விட்டன. "பாரு, புதுசாட்டம் ஆயிருச்சு" என்று என் கையில் கொடுத்தார். சபையில் மருமகள் பேச முடியாது என்கிற ஒரே காரணத்தால் வாங்கிக்கொண்டேன்.

மதியம் குழாயில் துணி திணிக்கவில்லை. யார் எழுந்தால் எனக்கென்ன? தேய்ப்புப் படாமல் நடுவில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அங்கே ஊசியை வைத்தேன். வாசிப்பு முடிகிற இடம் அது. தடித்த தந்தி படிப்படியாக இறங்கி வர, மேலே துடித்துக்கொண்டிருந்தது மெல்ல ஓய்ந்து, கடைசியில் எல்லாத் தந்திகளும் ஒன்றாக ஒலித்து அடங்கின.

என் கணவர் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"நல்லாத்தான இருக்கு. இதையா இம்புட்டு நாளும் கேட்டுக்கிட்டு இருந்த?"

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் பொங்கியது. "சந்தனம் வச்சீங்க. குங்குமம் வச்சீங்க. விழுந்து கும்பிட்டீங்க. ஒரு நாளாச்சும் ஒக்காந்து கேட்டீங்களா?"

அவர் உள்ளே வந்து கிராமபோனுக்கு எதிரில் உட்கார்ந்தார். சமாதானமாக, "சரி, மொதல்லேருந்து போடு. இப்பக் கேக்குறேன்" என்றார்.

சாவியை முழுக்கத் திருகினேன். ஊசியை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். கரகரவென்று ஆரம்பித்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஒக்காருங்க" என்றேன்.

தட்டு முடிகிறவரை அவரை எழுந்திருக்க விடவில்லை.